இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூரத்தைப் பற்றியும் பயண நேரத்தைப் பற்றியும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்பவர்கள் கேட்கும் விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம் ஒன்றுதான்: "தூரம்" என்ற ஒரே சொல்லால் மூன்று நான்கு வேறு அளவுகளைச் சொல்கிறோம், "நேரம்" என்ற சொல்லாலும் அப்படியே. கூடுமானவரை ஒரே எடுத்துக்காட்டை, லண்டன் ஹீத்ரோ – நியூயார்க் கென்னடி பாதையை, கடைசி வரை எடுத்துச் செல்கிறோம். கணக்கைப் பக்கத்தில் போட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

"விமான தூரம்"னு போடுறாங்களே, அது எங்கிருந்து எங்கே அளந்தது?

பூமியின் மேற்பரப்பை ஒட்டி, இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறுகிய பாதையின் நீளம் அது. இதற்குப் பெருவட்டத் தூரம் என்று பெயர். ஒரு உருண்டை மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே நூலை இழுத்துப் பிடித்தால் நூல் எங்கே படிகிறதோ, அதுதான் பெருவட்டப் பாதை. சாலை, மலை, நாட்டு எல்லை எதுவும் இந்தக் கணக்கில் வராது.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரபூர்வமாக ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. பெரும்பாலும் அது ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். அந்தப் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துத்தான் அளக்கிறார்கள். நீங்கள் ஏறும் முனையத்தின் வாசலிலிருந்து அல்ல. ஓடுபாதையே மூன்று நான்கு கிலோமீட்டர் நீளம் என்பதால், மீட்டர் கணக்கில் துல்லியம் காட்டும் தூரத்துக்கு அர்த்தமில்லை.

மைல்னு ஒரு இடத்துல 2,991, இன்னொரு இடத்துல 3,442. எது மைல்?

இரண்டும் மைல்தான். விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பயன்படுத்துவது கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். தரை மைல் 1,609 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஹீத்ரோ – கென்னடி 5,540 கிலோமீட்டர் என்றால், அது 2,991 கடல் மைல், 3,442 தரை மைல். விமானத்தின் வேகத்தைச் சொல்லும் "நாட்" என்பது மணிக்கு ஒரு கடல் மைல்.

கடல் மைல் ஏன் இன்னும் விடாமல் இருக்கிறது என்றால், அட்சரேகையில் ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு ஏறத்தாழ ஒரு கடல் மைல். வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் அட்சரேகைக் கோடுகளே அளவுகோலாகிவிடும். கிலோமீட்டரில் சொன்னால் ஒரு டிகிரி சுமார் 111. இந்த 111 அடுத்த கேள்விகளில் வேலைக்கு வரும்.

இரண்டு தளத்தில் பார்த்தேன். ஒன்று 5,540 கி.மீ. என்கிறது, இன்னொன்று 5,555 கி.மீ. என்கிறது. எதை நம்ப?

இரண்டையும் நம்பலாம். பூமி சரியான உருண்டை இல்லை. நடுவில் கொஞ்சம் பருத்து, துருவங்களில் தட்டையாக இருக்கிறது. நடுக்கோட்டு ஆரம் சுமார் 6,378 கி.மீ., துருவ ஆரம் சுமார் 6,357 கி.மீ. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டை என்று வைத்துக்கொண்டு எளிதாகக் கணக்கிட்டால் 5,540 வரும். தட்டையான வடிவத்தையும் சேர்த்துக்கொண்டால் 5,555 வரும். உருண்டைக் கணக்கின் பிழை அதிகபட்சம் அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும்.

பயண நேரத்தைக் கணிக்க இந்த 15 கிலோமீட்டர் ஒரு நிமிடம். விட்டுவிடுங்கள். இரண்டு தளங்களுக்கு நடுவே வித்தியாசம் ஒரு சதவீதத்தைத் தாண்டினால்தான் வேறெங்கோ தப்பு என்று தேட வேண்டும்.

தூரத்தை நானே கணக்குப் போட முடியுமா? ஃபார்முலா பார்த்தால் பயமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்து சைன், கொசைன் போதும். ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.46. கென்னடி: வடக்கு 40.64, மேற்கு 73.78. இரண்டு தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 73.32 டிகிரி. முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.7823 × 0.6513 = 0.5095. அடுத்து அவற்றின் கொசைன்களைப் பெருக்கி, அதோடு தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள்: 0.6229 × 0.7588 × 0.2870 = 0.1357. இரண்டையும் கூட்டினால் 0.6452. எந்தக் கோணத்தின் கொசைன் 0.6452 என்று கால்குலேட்டரில் தலைகீழ் கொசைனை அழுத்தினால் 49.82 டிகிரி. அதை 111.195 ஆல் பெருக்கினால் 5,540 கிலோமீட்டர்.

சில நேரம் இவ்வளவுகூடத் தேவைப்படாது. சிங்கப்பூர் கிழக்கு 104 டிகிரியில் இருக்கிறது. நியூயார்க் மேற்கு 74 டிகிரியில். கூட்டினால் 178, கிட்டத்தட்ட பூமியின் நேரெதிர்ப் பக்கங்கள். ஆகவே மிகக் குறுகிய பாதை வட துருவத்தை உரசிக்கொண்டு போகும். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 டிகிரி, துருவத்திலிருந்து நியூயார்க் வரை 49.4 டிகிரி, மொத்தம் 138 டிகிரி. 111.195 ஆல் பெருக்கினால் 15,345 கி.மீ. இந்தப் பாதைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் தூரம் 15,349 கி.மீ.!

எக்செல்லில் போட்டால் சம்பந்தமே இல்லாத எண் வருகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

பலரும் செய்யும் தப்பு: விரிதாளின் சைன், கொசைன் சார்புகள் ரேடியன் என்ற வேறு கோண அலகைத்தான் எதிர்பார்க்கும், நீங்கள் டிகிரியைக் கொடுத்திருப்பீர்கள். டிகிரியை 3.14159 ஆல் பெருக்கி 180 ஆல் வகுத்துவிட்டுக் கொடுங்கள். கடைசியில் வரும் கோணமும் ரேடியனில்தான் இருக்கும். அதை 111 ஆல் அல்ல, 6,371 ஆல் பெருக்க வேண்டும்.

இரண்டாவது, நிமிடக் கணக்கு. ஹீத்ரோவின் அட்சரேகை 51 டிகிரி 28 நிமிடம் என்று எழுதியிருந்தால் அது 51.28 அல்ல. 28ஐ 60 ஆல் வகுக்க வேண்டும்: 51.47. இந்த ஒரு சறுக்கலில் மட்டும் விமான நிலையம் 21 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடும்.

மூன்றாவதுதான் கண்ணில் படாமல் தப்பிப்பது: கிழக்கு–மேற்கு குறி. மேற்கைக் கழித்தல் குறியோடு எழுத வேண்டும். கென்னடிக்கு மட்டும் குறியை மறந்தால் தீர்க்கரேகை வித்தியாசம் 73.32க்குப் பதில் 74.24 ஆகும், விடை 5,600 கி.மீ. பார்த்தால் சரி போலவே இருக்கும். ஹீத்ரோ பூஜ்ய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் தப்பு இவ்வளவு அடக்கமாக ஒளிந்துகொள்கிறது. ஆகவே உங்கள் கணக்கைச் சோதிக்க லண்டனைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சிங்கப்பூர் – நியூயார்க் போட்டுப் பாருங்கள்.

ஊர் பெயரைப் போட்டால் போதாதா? மூன்றெழுத்துக் குறியீடு எதற்கு?

போதாது. லண்டன் என்ற பெயரில் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட் என ஆறு நிலையங்கள். ஹீத்ரோவுக்கும் ஸ்டான்ஸ்டெட்டுக்கும் நடுவே நேர்கோட்டிலேயே 60 கி.மீ.க்கு மேல். டோக்கியோவின் ஹனேதாவும் நரிதாவும்கூடச் சுமார் 60 கி.மீ. தள்ளித்தான். சில தளங்கள் நகரத்தின் மையப்புள்ளியிலிருந்து அளக்கும். அதனாலும் எண் மாறும்.

ஒரே பெயரில் வேறு ஊர்கள் இருப்பது இன்னும் ஆபத்து. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே எஸ்.ஜே.சி., கோஸ்டா ரிகாவின் சான் ஹோசே எஸ்.ஜே.ஓ. ஆஸ்திரேலியாவின் சிட்னி எஸ்.ஒய்.டி., கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள சிட்னி ஒய்.க்யூ.ஒய். ஆஸ்திரேலியாவுக்குப் போவதாக நினைத்துக் கனடாவில் போய் இறங்கியவர்கள் உண்மையிலேயே உண்டு.

டோக்கியோவிலிருந்து நியூயார்க்குக்கு மேப்பில் நேர்கோடு போட்டால் பசிபிக் கடல் மேல் போகிறது. விமானம் ஏன் அலாஸ்கா பக்கம் சுற்றிப் போகிறது?

சுற்றிப் போகவில்லை, குறுக்கே போகிறது. உருண்டையைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வடக்கும் தெற்கும் இழுபட்டுப் பெரிதாகிவிடும். அதனால் உண்மையில் குறுகிய பாதை வளைந்தும், நீளமான பாதை நேராகவும் தெரியும்.

டோக்கியோ ஹனேதாவும் நியூயார்க் கென்னடியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகைப் பட்டையில் உள்ளவை (35.5, 40.6). அந்தப் பட்டையிலேயே கிழக்கு நோக்கிப் போனால் சுமார் 12,800 கி.மீ. பெருவட்டத்தில் வடக்கே ஏறி இறங்கினால் சுமார் 10,870 கி.மீ. கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர் மிச்சம், அதாவது இரண்டு மணி நேரத்துக்கு மேல். தென்கோளத்திலும் இதே கதைதான்: சிட்னி – சாண்டியாகோ விமானம் அண்டார்க்டிகாவை நோக்கித் தெற்கே வளைந்து போகும்.

அப்போ விமானம் சரியாக அந்தப் பெருவட்டத் தூரம்தான் பறக்குமா?

இல்லை, கொஞ்சம் கூடத்தான் பறக்கும். காற்றை எதிர்கொண்டு ஏறும்படி ஓடுபாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் ஏறி, திரும்பி வர நேரலாம். இறங்கும்போதும் வரிசையில் நிற்க வேண்டும், சில சமயம் வட்டமடிக்க வேண்டும். நடுவில் வான்வழிப் பாதைகள், ராணுவப் பகுதிகள், இடிமேகங்கள்.

எவ்வளவு கூட்டுவது என்பதற்கு ஒரு நல்ல கைக்கணக்கு: சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் கார்பன் கணக்கீட்டில் பயன்படுத்தும் திருத்தம். 550 கி.மீ.க்குக் குறைவான தூரத்துக்கு 50 கி.மீ., 550 முதல் 5,500 வரை 100 கி.மீ., அதற்கு மேல் 125 கி.மீ. இதன்படி நம் ஹீத்ரோ – கென்னடி 5,555 + 125 = 5,680 கி.மீ. ஆகிறது. குறுகிய பயணத்தில்தான் இந்தச் சுற்று உறைக்கும்: 300 கி.மீ.க்கு 50 என்பது ஆறில் ஒரு பங்கு.

தூரம் தெரியும். நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 900 ஆல் வகுத்தால் டிக்கெட்டில் இருப்பதை விடக் குறைவாக வருகிறதே.

900 என்பது உச்சியில் பறக்கும்போது உள்ள வேகம் மட்டும். 11 கி.மீ. உயரத்தில், மைனஸ் 56 டிகிரி குளிரில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,062 கி.மீ. நீண்ட தூரம் போகும் பெரிய விமானங்கள் (போயிங் 787, ஏர்பஸ் ஏ350) அதில் 0.85 பங்கில் பறக்கும், அதாவது சுமார் 900. ஏ320, 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் 0.78 பங்கு, சுமார் 830. வெளியே விசிறி (புரொப்பெல்லர்) சுழலும் எஞ்சின் உள்ள ஏடிஆர் 72 என்றால் 510 அளவில்தான்.

ஆகவே மூன்று துண்டுகளாகப் போடுங்கள். முதலில் கூட்டப்பட்ட தூரத்தை உச்சி வேகத்தால் வகுக்கவும்: 5,680 ÷ 900 = 6 மணி 19 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகப் போவதற்கு 20 நிமிடம் சேர்க்கவும். தரையில் ஊர்ந்து போவதற்கு, இரண்டு முனையிலும் சேர்த்து, 30 நிமிடம். மொத்தம் 7 மணி 9 நிமிடம். காற்று இல்லாத நாளின் கணக்கு இது.

இறக்கத்தில் ஏன் அவ்வளவு நேரம் போகிறது என்று தோன்றலாம். ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் என்பது விமானிகளின் வாய்ப்பாடு. 36,000 அடியில் இருந்தால் 108 கடல் மைல், அதாவது 200 கி.மீ. முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே வந்தபின் பெரும்பாலான இடங்களில் 250 நாட் (மணிக்கு 463 கி.மீ.) என்பதே உச்சவரம்பு. ஜன்னலில் ஊர் தெரிந்த பிறகும் அரை மணி நேரம் உட்கார வைப்பது இதனால்தான்.

டிக்கெட்டில் 8 மணி நேரம் என்றிருக்கிறது. கேப்டன் "பறக்கும் நேரம் 7 மணி 10 நிமிடம்" என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும். கேப்டன் சொல்வது சக்கரம் ஓடுபாதையை விட்டதிலிருந்து மறுபடி தொடும் வரை. டிக்கெட்டில் இருப்பது பிளாக் நேரம்: நிறுத்தத்திலிருந்து விமானம் பின்னே நகரத் தொடங்கியதிலிருந்து, மறுமுனையில் நின்று சக்கரத்துக்குக் கட்டை போடும் வரை. நடுவில் ஊர்தல், ஓடுபாதை முனையில் காத்திருத்தல் எல்லாம் இதில் அடக்கம்.

பயணத் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது பிளாக் நேரம்தான். இணைப்பு விமானத்துக்கு இடைவெளி கணக்கிடும்போது பறக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் நிறைய.

போகும்போது 8 மணி, வரும்போது 7 மணி. ஒரே தூரம்தானே?

நிலத்தின் மேல் தூரம் ஒன்றுதான். ஆனால் விமானம் நீந்துவது காற்றுக்குள். நடு அட்சரேகைகளில் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்னும் காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் இன்னும் பலமாக. கிழக்கே போகும் விமானத்துக்கு அது முதுகில் தள்ளும், மேற்கே போகும் விமானத்துக்கு முகத்தில் அடிக்கும்.

முந்தைய கணக்கிலேயே சராசரியாக மணிக்கு 80 கி.மீ. காற்று என்று வைத்துப் பாருங்கள். நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5,680 ÷ 980 = 5 மணி 48; கூடுதல் 50 நிமிடத்தோடு 6 மணி 38. திரும்பி வர 5,680 ÷ 820 = 6 மணி 56; கூட்டினால் 7 மணி 46. அட்டவணைகளில் முறையே 7 மணி, 8 மணி அளவில் நீங்கள் பார்ப்பது இதோடு கொஞ்சம் பாதுகாப்பு நேரமும் சேர்ந்தது.

2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று கென்னடியிலிருந்து ஹீத்ரோவுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையை ஒப்பிட்டு அதன் வேகம் மணிக்கு 1,327 கி.மீ. வரை போனது. ஒலியை மிஞ்சிவிட்டதா என்றால், இல்லை: அதைச் சுற்றியிருந்த காற்றே ஓடிக்கொண்டிருந்தது, காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் இருந்தது. உண்மையிலேயே ஒலியை மிஞ்சியது கான்கார்டு. 1996 பிப்ரவரி 7 அன்று இதே பாதையை 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் கடந்தது.

பூமி சுற்றுவதால்தான் மேற்கே போக நேரம் அதிகம் என்று படித்தேனே?

பூமியோடு காற்றுமண்டலமும் சேர்ந்தே சுற்றுகிறது, நிறுத்தத்தில் நிற்கும் விமானமும் சேர்ந்தே சுற்றுகிறது. ஆகவே பூமி அடியில் நழுவிப் போவதில்லை. ஜெட் ஸ்ட்ரீம் கிழக்கு நோக்கி ஓடுவதற்குப் பூமியின் சுழற்சி ஒரு காரணம் என்ற அளவில், சுற்றி வளைத்து, நீங்கள் படித்ததில் பாதி உண்மை இருக்கிறது.

போகும்போது இழப்பதை வரும்போது பிடித்துவிடலாம், காற்று சமன் ஆகிவிடும் இல்லையா?

ஆகாது. 150 கி.மீ. காற்று என்று வையுங்கள். கிழக்கே 5,680 ÷ 1,050 = 5 மணி 25. மேற்கே 5,680 ÷ 750 = 7 மணி 34. மொத்தம் 12 மணி 59 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 37. எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். அதனால் போக வரக் கூட்டினால் எப்போதும் நஷ்டம்தான்.

இந்த நஷ்டத்தைக் குறைக்கத்தான் வட அட்லாண்டிக்கில் பறக்கும் பாதைகளை நாளுக்கு இரண்டு முறை, அன்றைய காற்றைப் பார்த்துப் புதிதாக வகுக்கிறார்கள். ஒரே விமானம் நேற்று கிரீன்லாந்துப் பக்கமும் இன்று வெகு தெற்கேயும் போவது இதனால்தான்.

இரவு 9 மணிக்கு டோக்கியோவில் ஏறி, அதே நாள் காலை 9 மணிக்கு ஹொனலுலுவில் இறங்குகிறதாம். அச்சுப்பிழையா?

இல்லை. டிக்கெட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். இரண்டையும் நேரடியாகக் கழிக்கவே கூடாது. முதலில் உலகப் பொது நேரத்துக்கு, அதாவது யு.டி.சி.க்கு மாற்றுங்கள். டோக்கியோ யு.டி.சி.யை விட 9 மணி முன்னே. இரவு 9 என்பது யு.டி.சி. பகல் 12. ஹொனலுலு 10 மணி பின்னே. காலை 9 என்பது யு.டி.சி. இரவு 7. வித்தியாசம் 7 மணி நேரம். நடுவே சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டியதால் ஒரு நாளைத் திரும்பப் பெற்றீர்கள். திரும்பி வரும்போது அதே நாளைக் கொடுத்துவிடுவீர்கள். அப்போது வருகை நேரத்தின் பக்கத்தில் சின்னதாக "+1" இருக்கும். விடுதி முன்பதிவில் தேதி தவறுவது பெரும்பாலும் அந்தச் சின்ன "+1"ஐக் கவனிக்காததால்.

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி வித்தியாசம் என்று கணக்கு வைத்தேன். மார்ச்சில் மட்டும் ஒரு மணி நேரம் இடிக்கிறது.

கோடைக்கால நேர மாற்றம் இரண்டு பக்கமும் ஒரே நாளில் நடப்பதில்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறன்று மாறும், பிரிட்டனும் ஐரோப்பாவும் மார்ச் கடைசி ஞாயிறன்று. நடுவில் இரண்டு மூன்று வாரம் வித்தியாசம் 4 மணிதான். இலையுதிர்காலத்திலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை இதே கதை. முந்தைய விடையில் சொன்ன யு.டி.சி. வழியில் போனால் இது இடிக்காது, அந்தத் தேதிக்குரிய வித்தியாசத்தை எடுத்துக்கொண்டால் போதும். அரை மணி, முக்கால் மணி வித்தியாசம் உள்ள நாடுகளும் உண்டு: நேபாளம் யு.டி.சி.யை விட 5 மணி 45 நிமிடம் முன்னே.

கடல் மேல் நேராகப் போகாமல் சில விமானங்கள் ஏன் கரையை ஒட்டியே போகின்றன?

இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால், மீதி ஒன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்ட முடிய வேண்டும். அடிப்படை விதி 60 நிமிடம். அதற்கு மேல் போக ஈடாப்ஸ் என்ற சிறப்பு அனுமதி வேண்டும். 1985இல் இந்த அனுமதியோடு இரண்டு எஞ்சின் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. இன்று ஏ350க்கு 370 நிமிடம் வரை அனுமதி இருக்கிறது. அனுமதி குறைவாக உள்ள விமானமோ நிறுவனமோ பெருவட்டத்தை விட்டு விலகி, அவசர நிலையங்களுக்குப் பக்கமாகவே போகும். ஒரே பாதையில் இரண்டு நிறுவனங்களின் நேரம் 15, 20 நிமிடம் மாறுபட்டால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஹெல்சிங்கி – டோக்கியோ முன்பு 9 மணி நேரம் சொச்சம் என்றார்கள், இப்போது 13 மணி. ஊர் நகர்ந்துவிட்டதா?

ஊர் நகரவில்லை, வான்வெளி மூடப்பட்டது. பெருவட்டத் தூரம் இன்றும் 7,800 கி.மீ. அளவில்தான். 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பிறகு, விமானங்கள் வட துருவத்தின் மேலாகவோ தெற்கே சுற்றியோ போக வேண்டியதாயிற்று. எந்தத் தூரக் கணக்கீட்டுத் தளத்திலும் இது தெரியாது. அதனால் ஐரோப்பாவுக்கும் கிழக்கு ஆசியாவுக்கும் நடுவே பயண நேரம் கணிப்பதாக இருந்தால், மேலே சொன்ன வாய்ப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு அட்டவணையை நேரடியாகப் பாருங்கள்.

தூரம் பாதியானால் நேரமும் பாதியாகுமா?

ஆகாது. தரையில் ஊரும் 30 நிமிடமும், ஏற்ற இறக்கத்தில் போகும் 20 நிமிடமும் தூரத்தோடு குறையாது. 300 கி.மீ. பயணத்தில் ஜெட் விமானம் உச்சி வேகத்தை எட்டுவதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். அதனால்தான் அந்தத் தூரத்துக்கு ஏடிஆர் போட்டாலும் ஏ320 போட்டாலும் வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தோடு முடிந்துவிடுகிறது.

உலகத்தில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் இருக்க முடியும்?

பூமியின் சுற்றளவில் பாதி, சுமார் 20,000 கி.மீ. அதற்கு மேல் ஒரு தளம் காட்டினால், அது இடைநிறுத்தங்களைக் கூட்டிக் காட்டுகிறது என்று பொருள். இடையில் நிற்காமல் பறக்கும் பயணிகள் சேவையில் சிங்கப்பூர் – நியூயார்க்தான் மிக நீளமானவற்றுள் ஒன்று. பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல். எதிர்முனையில் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே: 2.7 கி.மீ., இரண்டு நிமிடம். பின்காற்று நன்றாக வாய்த்த ஒரு நாளில் 53 விநாடியில் முடிந்திருக்கிறது.

"டைரக்ட்" என்று போட்டிருந்தது, ஆனால் நடுவில் ஒரு ஊரில் இறங்கி ஏறியது. ஏமாற்றா?

ஏமாற்று இல்லை, சொல் வழக்கு அப்படி. விமானத் துறையில் "டைரக்ட்" என்றால் ஒரே விமான எண், நடுவில் நிற்கலாம். நிற்காமல் போவது "நான்ஸ்டாப்". நடுவில் நின்றால் தூரத்தை இரண்டு துண்டாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள். நேரத்திலும் 20 + 30 நிமிடத்தை இரண்டு முறை சேர்த்து, தரையில் நிற்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும்.

தாமத இழப்பீட்டுக்கு எந்தத் தூரத்தை எடுத்துக்கொள்வார்கள்? நான் மூன்று விமானம் மாறிப் போனேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் எண் விதியில் 1,500 கி.மீ., 3,500 கி.மீ. என்ற எல்லைகளை வைத்து இழப்பீட்டைப் பிரித்தார்கள். தூரத்தைப் பெருவட்ட முறையில் அளக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. மாறிப் போன பயணத்துக்கு, முதல் புறப்பாட்டு நிலையத்திலிருந்து கடைசி நிலையம் வரை நேராக அளப்பதே சரி, உண்மையில் பறந்த தூரத்தைக் கூட்டக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. ஆகவே சுற்றிப் போனவருக்கு அதிகம் கிடைக்காது. எல்லைக்குப் பக்கத்தில், உதாரணமாக 1,495 என்று வந்தால் மட்டும், உருண்டைக் கணக்கா தட்டைக் கணக்கா என்பது முக்கியமாகிவிடும். மூன்றாவது கேள்வியில் விட்டுவிடச் சொன்ன அந்தச் சில கிலோமீட்டருக்கு இங்கே மதிப்பு உண்டு.

அரை மணி தாமதமாகக் கிளம்பிச் சரியான நேரத்துக்கு இறங்கிவிட்டது. விமானி வேகமாக ஓட்டினாரா?

கொஞ்சம் ஓட்டியிருக்கலாம், ஆனால் வேகத்தைக் கூட்டி அட்லாண்டிக் தூரத்தில் பிடிக்க முடிவது பத்து நிமிடத்தை ஒட்டித்தான். அதற்கு மேல் எரிபொருள் கட்டுபடியாகாது. மீதி நேரம் அட்டவணையிலேயே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. காலை நெரிசல், நீண்ட ஊர்தல், எதிர்க்காற்று எல்லாவற்றையும் நினைத்து நிறுவனங்கள் பிளாக் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போடும். மேலும் அறிவித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் "சரியான நேரம்" என்று கணக்கு வைப்பது துறை வழக்கம்.

தரை தொட்டது குறித்த நேரத்தில். ஆனால் நிறுத்தம் காலி இல்லை என்று நிறுத்தி வைத்து, கதவைத் திறக்க நாற்பது நிமிடம். இது தாமதமா, இல்லையா?

தாமதம்தான். பயணத் திட்டத்துக்கு ஏற்கெனவே சொன்ன பிளாக் நேரம் போதும், அது நிறுத்தத்தில் வந்து நிற்பதோடு முடிகிறது. இழப்பீட்டுச் சண்டையில் அதைவிட ஒரு படி மேலே போகிறார்கள்: 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, "வந்து சேர்ந்த நேரம்" என்பது குறைந்தது ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்க அனுமதிக்கப்படும் நேரம். ஆகவே இப்படி மாட்டிக்கொண்டால், கதவு திறக்கும் கணத்தில் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விமானங்களைப் பின்தொடரும் செயலிகள் தரை தொட்ட நேரத்தையும் நிறுத்தத்துக்கு வந்த நேரத்தையும்தான் வைத்திருக்கும். கதவு திறந்த நேரம் அவற்றில் இருக்காது.